கிணற்றின் மேல் கட்டிய நூலகம்

மணல் போட்டு மூடிய கிணற்றிலிருந்து யாரோ தண்ணீர் அள்ளும் சத்தம் கேட்டது.

பட்டப்பகல். வேலையாட்கள் சாப்பாட்டுப் பார்சல்களோடு வாசல் பக்கத்து வேப்பமர நிழலுக்குப் போய்விட்டார்கள். சீமெந்து கலக்கும் மெஷின் ஓய்ந்து கிடந்தது. நிலக்கீழ்த் தளத்தில் பிரியந்தன் மட்டும் நின்று, பலகை கழற்றிய புதுத் தூண்களில் எங்காவது வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஈரச் சீமெந்தின் வாடை, துருப்பிடித்த கம்பியின் வாடை, மேல்தட்டின் இடுக்குகளால் சொட்டும் தண்ணீர், தெருவில் எங்கோ மீன்காரனின் ஹோர்ன். இவை தவிர அங்கே வேறொன்றும் இல்லை. அப்போதுதான் கேட்டது. முதலில் வாளி தண்ணீரில் விழும் 'தொப்'. பிறகு அது சரிந்து நிரம்பும் களகளப்பு. பிறகு கப்பி. எண்ணெய் காணாத இரும்புக் கப்பி, கயிறு இழுபட இழுபட, கிரீச், கிரீச் என்று, அவசரமே இல்லாமல், வீட்டில் இன்னும் எத்தனையோ வேலை கிடக்கிறது என்று தெரிந்த ஒருத்தி ஆறுதலாக இழுப்பதைப் போல.

அந்தக் கப்பியைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனின் லொறியில் ஏற்றிவிட்டவனே பிரியந்தன்தான்.

சத்தம் மூலையிலிருந்த குழாய்க்குள்ளிருந்து வந்தது. கை நுழையும் தடிமனில் சாம்பல்நிறப் பிவிசி குழாய். தரையிலிருந்து எழும்பி, தலைக்கு மேலே தட்டையும் துளைத்துக்கொண்டு போனது. பொறியியல் படித்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எதைக் கேட்டாலும் அதற்கு ஒரு காரணம் கைவசம் இருக்கும். பக்கத்து வீட்டில் யாரோ மோட்டர் போட்டிருப்பார்கள், நிலத்தடிக் குழாய்கள் சத்தத்தைக் கடத்தும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவன் மேலே ஏறிப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தான். பார்சலைப் பாதியில் மடித்துவைத்தான்.

கொட்டாஞ்சேனையில், கப்பல்துறைப் பக்கம் இறங்கும் ஒரு சரிவில், முன்பு ஒரு தோட்டம் இருந்தது. கொழும்பில் தோட்டம் என்றால் மரம் செடி அல்ல. ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து நிற்கும் சின்னச் சின்ன வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு முற்றம், முற்றத்தின் நடுவில் ஒரு கிணறு. அந்தச் சனங்களை மாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பிவிட்டு, அந்தக் காணியைப் புதிய பல்கலைக்கழகம் ஒன்று வாங்கியிருந்தது. மாணவர்கள் இருந்தார்கள், விரிவுரை மண்டபங்கள் இருந்தன, பளபளவென்று ஒரு பெயர்ப்பலகையும் இருந்தது. நூலகம் மட்டும் இல்லை. புத்தகங்கள் எல்லாம் ஹெந்தளையில் ஒரு வாடகைக் களஞ்சியத்தில் பெட்டிக்குள் கிடந்து பூச்சியால் அரிபட்டுக்கொண்டிருந்தன. அவற்றுக்கு ஒரு வீடு கட்டுவதுதான் வேலை. கீழே பழைய நூல்களுக்கு ஒரு நிலக்கீழ்த் தளம், அதற்கு மேல் பெரிய வாசிப்பறை, அதற்கும் மேல் அடுக்கடுக்காக மாடிகள்.

அத்திவாரம் வெட்டியதிலிருந்து பிரியந்தன் தன் பொறுப்பில் எழுப்பிய முதல் கட்டடம் அது. இரவில் படுத்தால் கனவிலும் கம்பி கட்டினான். இதுவரை மற்றவர்களின் பெயருக்கே வேலை செய்தவனுக்கு, 'இது நான் கட்டினது' என்று பிள்ளைக்குக் காட்ட ஒன்று கிடைத்திருந்தது. பிள்ளை என்ற அந்த நினைப்பில்தான் எல்லாம் பிழையாகிப் போனது.

கிணறு மூடிய நாளைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

வேலைக்குத் தலைமைப் பொறியியலாளர் கஜேந்திரன் என்பவர். வெளிநாட்டில் படித்துப் பட்டம் எடுத்தவர். ஆனால் மணிக்கட்டில் மூன்று நிறத்தில் கோயில் நூல் கட்டாமல் வெளிக்கிடமாட்டார். கிணற்றைச் சும்மா மூடக்கூடாது என்று அவரே காரை அனுப்பிக் கோயில் ஐயரைக் கூட்டி வந்தார். ஐயர் பால் வார்த்தார், பூப் போட்டார், மஞ்சள் கரைத்து ஊற்றினார். கிணற்றுக்கு மூச்சு முட்டக்கூடாது, அடியிலிருந்து வெளிவரை ஒரு குழாய் விட்டுத்தான் மணல் போடவேண்டும் என்றார். அது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். குழாய் ஏற்கெனவே கிணற்றுக்குள் இறக்கியாகிவிட்டது. பிறகு அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"வீட்டில பிள்ளைத்தாச்சி இருக்கிறவை ஆரும் நிண்டால் விலகிப் போங்கோ. கிணறு மூடுறதில கை வைக்கவும் கூடாது, பாக்கவும் கூடாது."

கம்பி வேலை செய்யும் இராமர் தலையைச் சொறிந்துகொண்டு பின்னால் நகர்ந்தான். ஹற்றன் பக்கத்துப் பையன், கல்யாணமாகி வருசம் திரும்பவில்லை. "அடேய், எங்களுக்குச் சொல்லவே இல்லையே!" என்று கூட நின்றவர்கள் அவன் முதுகில் தட்டிக் கேலி செய்தார்கள். கிரேன் ஓட்டும் சிங்களவரிடம் யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவரும் சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றிப் பிடித்தபடி வாசல் பக்கம் போய்விட்டார். அவர்கள் ஊரிலும் அதே நம்பிக்கைதான்.

"ஐசே பிரியந்தன், உமக்கு?" என்றார் கஜேந்திரன். "வீட்டில ஏதும் விசேஷம் இருக்கோ?"

இருந்தது. ரூபிகாவுக்கு அப்போது மூன்றாம் மாதம். அதற்கு முன் இரண்டு தரம் தரித்துக் கலைந்திருந்தது. இரண்டு தரமும் விசயத்தை ஊரெல்லாம் சொல்லி, பாயாசம் வைத்து, கனடாவிலிருந்த மாமிமாருக்கெல்லாம் போன் எடுத்து, பிறகு அதே ஆட்களுக்குத் திரும்பவும் போன் எடுக்க வேண்டிவந்தது. இந்த முறை அவள் அவன் கையைப் பிடித்துத் தன் உச்சியில் வைத்தாள். "ஏழு மாசம் தாண்டுமட்டும் ஒரு குருவிக்கும் சொல்லமாட்டன் எண்டு என்ர தலையில சத்தியம் பண்ணுங்கோ." அவன் பண்ணிக் கொடுத்தான். கண்ணூறு பட்டுவிடும் என்று அவளுக்கு அவ்வளவு பயம். சத்தியத்தை மீறினால் அவளுக்குத்தானே ஆகாது என்று அவனுக்கும் பயம்.

ஒரு பக்கம் தலையில் அடித்த சத்தியம், மறுபக்கம் மூடக்கூடாத கிணறு. தலைவலி என்றோ வயிற்றுவலி என்றோ ஒரு பொய்யைச் சொல்லி விலகியிருக்கலாம் என்பது பிறகுதான் புத்தியில் பட்டது. அந்த நேரத்தில் எல்லாக் கண்ணும் தன் முகத்தில் நிற்க, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான்.

"இல்லை சேர்."

கிணற்றின் சுற்றுச்சுவரில் கையூன்றி நின்றதால் அந்த 'இல்லை' கிணற்றுக்குள் இறங்கிப் போய், கீழே தண்ணீரில் தட்டி, கொஞ்சம் பிந்தித் திரும்பி வந்தது.

"அப்ப முதல் கூடையை நீரே போடும்," என்றார் கஜேந்திரன். போட்டான். மணல் தண்ணீரில் விழுந்தது. சொந்தப் பிள்ளை அவள் வயிற்றில் இருக்க, அது இல்லை என்று வாயால் சொல்லிக் கையாலும் மூடிவிட்டேனே என்று அந்த நிமிடமே நெஞ்சு சுட்டது. ஆனால் தலைக்கு மேல் வேலை. மத்தியானத்துக்குள் கிணறு நிரம்பிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நல்லதாகவே இருந்தது. அதுதான் அவனை ஏமாற்றியது. ரூபிகா நாலாம் மாதத்தைத் தாண்டினாள், ஐந்தைத் தாண்டினாள். ஸ்கான் அறையில் மருத்துவர் ஒலியைக் கூட்டிவிட, பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு குதிரை ஓடுவதுபோல் அறை முழுக்க ஓடியது. ரூபிகா அழுதாள். அவனும் சுவரைப் பார்க்கிறவன்போல் திரும்பிக்கொண்டு அழுதான். இரவு பகலாக ஆள் மாற்றி ஆள் வேலை செய்ததில் கட்டடமும் வேகமாக வளர்ந்தது. இராமருக்கு ஆம்பிளைப் பிள்ளை பிறந்து, வேலைத்தளத்தில் எல்லாருக்கும் லட்டுக் கொடுத்தான். பிரியந்தன் தன் பங்கை வாயில் போட்டபோது இனிப்பே தெரியவில்லை.

இந்த நிலையில்தான் அந்த வாளிச் சத்தம் கேட்டது.

முதல் நாளுக்குப் பிறகு அவன் நிலக்கீழ்த் தளத்துக்குத் தனியாகப் போவதைத் தவிர்த்தான். எப்போதும் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டுதான் இறங்குவான். கூட ஆள் இருந்தால் குழாய் பேசாது. ஆள் ஏதாவது எடுக்க மேலே போனால், அந்தக் காலடி படியில் மறைந்ததும், 'தொப்'. குழாயின் பொருத்து இடுக்கால் எப்போதும் ஒரு காற்று மெல்ல வெளியே ஊதிக்கொண்டிருக்கும். பாசி மணம். நெடுநாள் வெயில் காணாத கல்லின் மணம். அதற்குள் ஒரு நாள் வேறொன்றும் இருந்தது. குழந்தைகளைக் குளிப்பாட்டியபின் ஈரத் துவாயில் நிற்கும் மணம். அவன் படியேறி ஓடி வந்து வெயிலில் நின்று, போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டான்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். கரையோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி நடுங்கும். உப்புக் காற்றில் கம்பிகள் துருவாய் உதிரும். அன்று பின்னேரம் அவன் வேலையால் வந்து கால் கழுவக்கூட இல்லை; ரூபிகா கட்டிலில் கிடந்தபடி கூப்பிட்டாள்.

"என்னப்பா, ஓடி வாங்கோ. நல்லா அசையுது. காதை வச்சுப் பாருங்கோ."

அவன் முழந்தாளில் நின்று அவள் வயிற்றில் காதை வைத்தான். தோல் குளிர்ந்திருந்தது. சட்டைக்குள் ஐஸ் பை வைத்ததுபோல் அந்த இடம் மட்டும். கீழே கொத்துரொட்டிக் கடையில் தகரம் தட்டும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது, அது மெல்லத் தேய்ந்தது. அலைச் சத்தம் தேய்ந்தது. பிறகு உள்ளே, மிக ஆழத்தில், ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. ஒவ்வொன்றும் விழுந்தபின் வட்டச் சுவரில் பட்டு எதிரொலித்தது. பிறகு வாளி ஒன்று கல்லில் இடித்தது.

"கேக்குதோ?" என்றாள் ரூபிகா. முகமெல்லாம் சிரிப்பு.

"ஓம்," என்றான்.

"என்ன சொல்லுது?"

அவன் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். அந்தத் தண்ணீர் விழும் சத்தத்தையே பொறுக்கமுடியாமல் உடனே பூட்டினான். சொல்லலாம், எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிடலாம் என்று நினைத்துக் கதவுவரை வந்தான். அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு தனக்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளையை இழந்தவளிடம், மூன்றாவதை நான் இல்லை என்று சொல்லிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது. சொன்ன பயத்திலேயே கலைந்துவிட்டால்? அவன் தேநீர் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தான்.

அடுத்த ஸ்கானிலும் எல்லாம் நன்றாக இருப்பதாகவே சொன்னார்கள். நெஞ்சுத் துடிப்பு, நிறை, தண்ணீர் எல்லாம் அளவோடு. மெஷினில் குதிரை ஓடியது. அவன் காதுக்குத்தான் வாளி இடித்தது.

வேலைத்தளத்து வாசலில் சாப்பாட்டுப் பார்சல் விற்கிறவர் ஐறீன் அன்ரி. அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து, கிணற்றடியிலேயே நாலு பிள்ளைகளைக் குளிப்பாட்டி ஆளாக்கி, இப்போது ஒன்பதாம் மாடியில் குடியிருப்பவர். பிரியந்தனுக்கு ஒரு பேய்க் கதை தேவைப்பட்டது. யாராவது விழுந்து செத்திருந்தால், யாரையாவது தள்ளியிருந்தால், ஒரு பூசையைப் போட்டுச் சரிக்கட்டலாமே என்று ஒரு நப்பாசை.

"அன்ரி, அந்தக் கிணத்தில ஆரும் விழுந்தவையோ?"

"சே சே, என்னா மகன் இது! அது நல்ல கிணறு. ஒருத்தரும் விழல்ல, ஒருத்தரும் சாகல்ல." அவர் பார்சலைச் சுற்றியபடியே சிரித்தார். "இங்க மனுசருக்கே எடமில்ல, பேய்க்கு எங்க எடம்? கோடையிலயும் வத்தாது. ராப் பகலா யாராவது அள்ளிக்கிட்டே இருப்பாங்க."

"சத்தம் கித்தம் ஏதும்?"

"எப்பவும் சத்தம்தான். நாலு பொம்பளைங்க, பத்துப் புள்ளைங்க. இப்பதான் அதுக்குச் சத்தமே இல்லாமப் போச்சு, பாவம்."

பாவம் என்று அவர் சொன்ன விதம் ஒரு தனிமைப்பட்ட மனுசியைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது. பேய்க் கதை கிடைத்திருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. பார்சலை வாங்கிக்கொண்டு சல்லியைக் கொடுக்காமலே நடந்துவிட்டான். ஐறீன் அன்ரி பின்னால் கூப்பிடவேண்டி வந்தது.

கட்டடம் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. பெயின்ட் அடித்தாயிற்று. ஹெந்தளையிலிருந்து பெட்டிகள் வந்து இறங்க, நூலகர் ஜீவராணி தூசிக்கு மூக்கில் துணி கட்டிக்கொண்டு அலுமாரி அலுமாரியாக அடுக்கத் தொடங்கியிருந்தார். நல்ல மனுசி, புத்தகத்தைக் கையில் எடுத்தால் பிள்ளையை ஏந்துவதுபோல் எடுப்பார். குழாய் இப்போது நிலக்கீழ்த் தளத்திலிருந்து வாசிப்பறை மூலை வழியாக எல்லா மாடியும் ஏறி மொட்டை மாடிவரை போனது. பார்வைக்கு அழகில்லை என்று அதைச் சுற்றிப் பலகைப் பெட்டி அடித்து, அடைப்பு ஏதும் வந்தால் திறந்து பார்க்க, தரையை ஒட்டி ஒரு சின்னக் கதவு விட்டிருந்தார்கள். அதற்குள் குழாயில் கையகலத்தில் ஒரு வாய்.

ரூபிகாவுக்கு ஏழு மாதம் தாண்டியது. சத்தியம் முடிந்தது. அவள் போனை எடுத்து ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த அன்று பின்னேரம், ஒரே மழை. வேலையாட்கள் நேரத்தோடு போய்விட்டார்கள். பிரியந்தன் வாசிப்பறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். புது வார்னிஷ் மணமும் பழைய தாளின் மணமும் கலந்து நின்றன. பிளாஸ்டிக் உறை கழற்றாத கதிரைகள் வரிசையாக, யாராவது வந்து உட்காரக் காத்துக்கொண்டிருந்தன. யன்னல்களில் மழை வழிந்தது. இன்றைக்கு எல்லாருக்கும் சொல்லியாயிற்று. இதற்கும் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று அவன் கணக்குப் போட்டான். பொய் சொன்ன இடத்தில் உண்மையைச் சொன்னால் பொய் அழிந்துவிடும். கணக்குச் சரியாகத்தான் பட்டது.

அவன் தரையில் குந்தி அந்தச் சின்னக் கதவைத் திறந்தான். காற்று முகத்தில் ஊதியது. பாசி. ஈரத் துவாய்.

"நான் அண்டைக்குப் பொய் சொன்னனான்," என்றான். தன் குரல் தனக்கே சிரிப்பாக இருந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை. "இருக்கு. என்ர வீட்டில பிள்ளை இருக்கு. ரூபிகாட வயித்தில. என்ர பிள்ளை. நான் இல்லை எண்டு சொன்னது பிழை. மன்னிச்சுக்கொள்ளும்."

காற்று நின்றது.

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். மழை. தன் இரத்தம் காதில் இடிக்கும் சத்தம். பிறகு, அத்தனை மாதமும் வெளியே ஊதிக்கொண்டிருந்த குழாய் முதன்முதலாக உள்ளே இழுத்தது. மெல்ல. பிறகு பலமாக. முகம் துடைக்கக் கையில் வைத்திருந்த லேஞ்சி பறந்து போய் அந்த வாயில் ஒட்டிக்கொண்டு, நடுவில் குழிந்து, சட்டென்று உள்ளே போய்விட்டது. இழுப்பு நிற்கவில்லை. மனிதருக்கு அவ்வளவு மூச்சுப் பிடிக்காது. நல்ல செய்தி கேட்டவர்கள் நெஞ்சில் கைவைத்து இழுக்கும் மூச்சு அது.

பிறகு ஒன்றுமில்லை.

ஒன்றுமே இல்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. அவன் துணிந்து தனியாக நிலக்கீழ்த் தளத்தில் போய் நின்று பார்த்தான். வாளியும் இல்லை, கப்பியும் இல்லை, மணமும் இல்லை. ஒரு சாதாரணக் குழாய். பிரியந்தன் அங்கேயே அலுமாரியில் சாய்ந்து நின்று வாய்விட்டு அழுதான். மன்னித்துவிட்டது என்று நம்பினான். அன்று போகும் வழியில் ரூபிகாவுக்கு மாம்பழம் வாங்கிக்கொண்டு போனான்.

"இப்ப பிள்ளை நல்ல அமைதியப்பா," என்றாள் அவள். "முந்தி மாதிரி உதைக்கிறேல்ல. நல்ல பிள்ளையாக் கிடக்குது."

அவன் வயிற்றில் காதை வைத்தான். சொட்டுச் சத்தம் இல்லை. எதுவும் இல்லை. டொக்டரிடம் ஓடினார்கள், நெஞ்சு துடிக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை, பிள்ளை பெருத்ததால் புரள இடமில்லை என்றார். மெஷின் சொன்னதை அவனும் நம்பினான். நம்பத்தானே வேண்டும்.

நூலகம் திறந்தார்கள். குத்துவிளக்கு, மாலை, பேச்சு எல்லாம் முடிந்து, மறுநாள் காலை முதல்முதலாக மாணவர்களை உள்ளே விட்டார்கள். அதற்கு அடுத்த நாள்தான் ரூபிகாவுக்குச் சத்திரசிகிச்சை என்று குறித்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அவளோடு தங்கை நிஷாந்தினி நின்றாள். நூலகக் கதவுகளின் திறப்புக் கோர்வையைக் கையளித்துவிட்டு ஓடி வருகிறேன் என்று பிரியந்தன் கொட்டாஞ்சேனைக்கு வந்திருந்தான்.

வாசிப்பறை நிறைந்திருந்தது. யன்னல்களால் காலை வெயில் மேசைகளில் சரிந்து விழுந்தது. தாள் புரளும் ஓசை, பேனை கீறும் ஓசை, தலைக்கு மேல் மின்விசிறி. பொட்டு வைத்த பிள்ளைகள், பர்தா போட்ட பிள்ளைகள், காதில் வயர் மாட்டிய பையன்கள், எல்லாரும் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஜீவராணி வாசலில் நின்று அந்தக் காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு வடிவா இருக்குது பாருங்கோ தம்பி," என்று குசுகுசுத்தார். அவனுக்கும் நெஞ்சு நிறைந்தது. நாளைக்குப் பிள்ளை. இன்றைக்கு இது. இதைவிட என்ன வேண்டும் என்று திறப்பை அவர் கையில் வைக்கப் போனான்.

ஒரு குழந்தை அழுதது.

அப்போதுதான் பிறந்த குழந்தை. வீலென்று, மூச்சு எடுத்து எடுத்து, நாக்கு நடுங்க. மாணவர்கள் தலையை நிமிர்த்தினார்கள். ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி கதிரையைத் தள்ளி மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.

"ஆர் இஞ்ச பிள்ளையோட வந்தது?" என்றார் ஜீவராணி. அவர் அலுமாரிகளுக்கு இடையில் தேடிக்கொண்டு போனார். எல்லாப் பக்கமும் பார்த்தார். மூலையைத் தவிர.

பிரியந்தன் மூலையைப் பார்த்தான்.

சட்டைப் பையில் போன் நடுங்கியது. நிஷாந்தினி.

"அத்தான்! திடீரெண்டு பிரசவ நோவு காணத் தொடங்கி உடன உள்ள எடுத்தவை. பிறந்திட்டுது! பொம்பிளைப் பிள்ளை. அக்கா சுகமா இருக்கிறா."

கால்கள் தாமாக மூலைக்கு நடந்தன.

"கேக்குதோ அத்தான்? பிள்ளை அழவே இல்லை. டொக்டர்மார் தட்டிக் கிட்டிப் பாத்தவை. எல்லாம் நோர்மலாம், மூச்சும் விடுதாம். ஆனா அழேல்ல. கண்ணை முழிச்சுக்கொண்டு சும்மா மேல பாத்துக்கொண்டு கிடக்குது. உடம்புதான்... உடம்பு கொஞ்சம் குளிர்." பிறகு அவள் கேட்டாள். "அங்க ஆர்ட பிள்ளை அத்தான் அழுறது?"

போன் கையிலிருந்து விழுந்தது. அவன் தரையில் விழுந்து சின்னக் கதவை இழுத்துத் திறந்தான். அழுகை முகத்தில் அடித்தது. ஆழம். ஈரம். அவன் காதை வைத்தான். வாயை வைத்தான். கையை நுழைத்தான், முழங்கைவரை போனது, அதற்கு மேல் போகவில்லை. விரல்களுக்கு எட்டியதெல்லாம் குளிர்ந்த காற்று.

"அப்பா இஞ்ச இருக்கிறன்," என்று கத்தினான். "என்ர செல்லம், அம்மாச்சி! அப்பா இருக்கிறன்!"

அறை முழுக்க எழுந்து நின்றது. யாரோ ஓடி வந்து அவன் தோளைப் பிடித்தார்கள். அவனுக்குத் தெரியவில்லை. அப்பன் குரலைக் கேட்ட பிள்ளை இன்னும் பலமாக அழுதது. பசி அழுகை. தேடும் அழுகை. சீமெந்துக்குக் கீழே, மணலுக்குக் கீழே, தொடர்ந்து, தொடர்ந்து.

பிறகு அழுகை தளர்ந்தது. ஒரு விக்கல். இன்னொரு விக்கல். ஒரு சின்ன முனகல்.

கீழே யாரோ பிள்ளையைத் தூக்கிவிட்டார்கள்.